கடல்நாயின் குரலும் அம்மாவின் காதும்

என் வீட்டில் தண்ணீர்க் குழாய்களை மாற்றும் வேலை தொடங்கியபோது, மூன்று மாதத்துக்கு, ஜேர்மன் மொழி பேசும் ஊரான ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் அம்மாவிடம் போய்த் தங்கினேன். அப்பா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அம்மா பெரிய சலவைக்கூடம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு, நான் போனதற்கு முந்தைய வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். என் வேலையை மடிக்கணினியிலேயே செய்யலாம் என்பதால், அவருடைய சமையலறை மேசையின் ஒரு பாதி எனக்கு அலுவலகமாயிற்று. மறுபாதியில் அவர் கறிக்கு லீக்ஸ் வெட்டுவார்.

என்ன வேலை என்று சொல்ல வேண்டும். தென்துருவக் கடலின் அடியில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இறக்கிவிட்டு வருவார்கள். மேலே கடல் உறைந்து மூடிக்கொண்ட பிறகும் அது அங்கேயே கிடந்து, கேட்பதையெல்லாம் பதிவு செய்யும். அடுத்த கோடையில் கப்பல் போய் எடுத்துவரும். அந்தப் பதிவுகளைக் கேட்டு, எது எந்த உயிரின் குரல் என்று குறித்துக் கொடுப்பவள் நான். கப்பலில் ஒருநாளும் போனதில்லை. பனி வெடிக்கும் சத்தம் பழைய கதவு ஒன்றைத் திறப்பது போல இருக்கும். பெரிய திமிங்கிலங்களின் குரல் அவ்வளவு தாழ்ந்தது. பதிவின் வேகத்தைக் கூட்டினால்தான் சரியாகக் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்தது பனிக்கு அடியில் வாழும் ஒரு வகைக் கடல்நாய். மிக உயர்ந்த சுருதியில் ஒரு சீழ்க்கையைத் தொடங்கி, படிப்படியாக இறக்கி, கடைசியில் தொண்டைக்குள் உறுமி முடிக்கும். கணினித் திரையில் அந்தக் குரல் மேலிருந்து கீழே சரியும் ஒரு வெளிச்சக் கோடாகத் தெரியும்.

அம்மா அந்த நாட்களில் குறைவாகவே கதைத்தார். உறவினர் வந்தால் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, சிரித்தபடி ஓரமாக இருப்பார். அப்பா போனதால் வந்த அமைதி என்று நினைத்தேன். தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பதையும் தனியே இருந்து பழகியதன் விளைவு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

“அப்பிடி என்னத்தைத்தான் நாள் முழுக்கக் கேக்கிறாய்? எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டன்.”

எனக்குச் சந்தோஷம். இருந்ததிலேயே அழகான கடல்நாய்க் குரலைத் தேடி எடுத்து, இன்னதென்று சொல்லி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். திரையில் கோடு உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். கோடு பாதியையும் தாண்டிக் கீழே வந்தது.

“ஆ, இப்ப துடங்குது,” என்றார். “நாய் எண்டு சொன்னாய். இது மாடு கத்துற மாதிரியெல்லோ கிடக்கு.”

ஹெட்போனில்தான் ஏதோ பழுது என்று நினைத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். உச்சியில் சீழ்க்கை கூர்மையாகக் கேட்டது. திரும்ப அவருக்கு மாட்டி, கேட்டவுடன் கையை உயர்த்தச் சொன்னேன். முன்பு சொன்ன அதே இடத்தில்தான் உயர்த்தினார். மூன்றாம் முறையும் அதே இடம். பிறகு, குருவிகள் போலக் கீச்சிடும் இன்னொரு பதிவைப் போட்டேன். அது முடியும்வரை அம்மா சிரித்த முகத்தோடு இருந்தார்.

“நல்லாக் கிடக்கு,” என்றார்.

அவருக்கு ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைப் பற்றிச் சொன்னபோதும், நான் பட்டம் வாங்கிய அன்று மேடையில் மற்றவர்கள் பேசியபோதும் அம்மா இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார். உலகத்தின் அந்தப் பக்கத்தில் கத்தும் ஒரு விலங்கைக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன், இதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, என் முகம் அவருக்குத் தெரியும்படி எதிரே இருந்துகொண்டு சொன்னேன்.

“அம்மா, உங்களுக்குக் காது கொஞ்சம் குறைவாக் கேக்குது போல.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“வேலைக்குப் போன காலத்தில இருந்துதான். அந்த மெசினுகளின்ர சத்தம் உனக்குத் தெரியாது.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

மேசையில் சிந்தியிருந்த சீனியை அம்மா விரலால் கூட்டினார். “சொன்னா, பாவம், அவவுக்குக் கேக்காது எண்டு என்னோட கதைக்கிறதையே விட்டிடுவினம். இப்ப எண்டாலும் கதைக்கினம். நான் வாயைப் பாத்து அரைவாசி பிடிச்சிடுவன்.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“ஓம். அதுதான் எப்பவும் என்ர வலப்பக்கமா வந்து இருப்பார். அந்தக் காது கொஞ்சம் பறவாயில்லை.”

பஸ்ஸில், கோயிலில், தொலைக்காட்சியின் முன்னால் இருவரும் எப்படி இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஆம், எல்லா இடத்திலும் அப்பா வலப்பக்கம்தான். அவர் செய்து வந்த காரியத்தை அவர் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு கண்டுபிடித்தேன்.

காதுப் பரிசோதனைக்கு வரச் சம்மதிக்க அம்மா இரண்டு கிழமை எடுத்துக்கொண்டார். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்டதற்கு மட்டும் அழுத்தினார்; அதில் குழப்பம் இருக்கவில்லை. அடுத்ததாக ஜேர்மன் சொற்களைப் போட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அம்மா பல சொற்களுக்குப் பேசாமல் இருந்தார். வெளியே வந்து என் காதோடு சொன்னார்:

“கேக்கேல்லையோ, இல்லாட்டி அந்தச் சொல்லு எனக்குத் தெரியாதோ எண்டு எனக்கே விளங்கேல்லை, பிள்ளை.”

பரிசோதித்த பெண், அம்மாவுக்கு ஜேர்மன் மொழி அவ்வளவாகத் தெரியாதோ என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் வருடக்கணக்காக நாங்கள் அதைத்தானே சொல்லி வந்தோம். அன்றைக்கு நிறுத்திக்கொண்டு, “அது எங்களுக்கும் இன்னும் தெரியாது,” என்றேன். அவர் பரிசோதனையின் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். ஸ், ஃப், ட் போன்ற மெல்லிய ஒலிகள் உயரத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கு அந்த உயரம் எட்டுவதில்லை. ஜேர்மன் சொற்கள் எத்தனையோ அந்த ஒலிகளில்தான் முடிகின்றன. அம்மா இத்தனை காலமும் வாலில்லாத சொற்களை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் சமாளித்திருக்கிறார்.

காதுக் கருவி வந்த முதற்கிழமை அம்மாவுக்கு எல்லாவற்றின் மீதும் கோபம். தண்ணீர்க் குழாய் இரைகிறது, பிளாஸ்டிக் பை கத்துகிறது, நான் அப்பளம் சாப்பிடுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றார். மத்தியானத்தோடு கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் தானாகவே மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

“அந்த நாயைப் போடு பாப்பம். இதில்லாமல், வெளிய கேக்கிற மாதிரி.”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒலிபெருக்கியில் போட்டேன். கோடு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, கையை உயர்த்தினார். முழுவதும் கேட்டு முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“மேல இன்னும் கிடக்கோ?”

“கொஞ்சம் கிடக்கு.”

“பறவாயில்லை. இது ஆரைக் கூப்பிடுது?”

“கூப்பிடேல்லை. பனியில மூச்சுவிட ஒரு ஓட்டை வைச்சிருக்கும். இது என்ர இடம், கிட்ட வராதை எண்டு மற்றதுகளுக்குச் சொல்லுது.”

“அந்தக் குளிருக்கு ஓட்டை மூடிப் போகுமெல்லோ?”

“மூட மூடப் பல்லால அராவித் திறக்கும். மாரிக் குளிர் முழுக்க.”

“பல்லுத் தேயாதோ?”

“தேயும். வயது போனதுகளுக்குப் பல்லு மட்டமாப் போயிருக்கும்.”

“பிறகு?”

பிறகு என்ன என்று எனக்குத் தெரியும். பல் போனால் ஓட்டையைத் திறந்து வைத்திருக்க முடியாது. கூட வேலை செய்பவர்களோடு இதைக் கோப்பி குடித்தபடி பலமுறை கதைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சொல்ல வரவில்லை.

“பனி தானா வெடிச்சுக் கிடக்கிற இடமாப் பாத்துப் போகும்,” என்றேன்.

“உண்மையாவோ?”

“சிலது போகும், அம்மா.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொருக்காப் போடு,” என்றார்.

அன்றிலிருந்து கருவி லாச்சிக்குள் போகவில்லை. என் வீட்டுக் குழாய் வேலை முடியும் தறுவாயில், பக்கத்துச் சமூக நிலையத்தில் நடக்கும் ஜேர்மன் வகுப்பில், அவர் வார்த்தையில் ‘டொச்’ வகுப்பில், சேரப்போவதாக அம்மா சொன்னார். முதல் நாள் வாசல்வரை கூடப் போனேன். உள்ளே வர வேண்டாம் என்றுவிட்டார். மத்தியானம் அம்மா வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டேன்.

“எப்பிடிப் போச்சு?”

“போன உடனயே ரீச்சரிட்டச் சொல்லிப்போட்டன். எனக்குக் காது குறைவு, நான் முன்னுக்குத்தான் இருப்பன் எண்டு.”

“எந்த மொழியில?”

“டொச்சிலதான்,” என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனார்.