பூதத்தின் மேல் போட்ட பழி

உங்கள் ஊரை நீங்களே புதிதாகக் கட்டலாம் என்றால் முதலில் எதைக் கட்டுவீர்கள்? கோயிலையா, கோட்டையையா, கடைத்தெருவையா? ஆம்பூரில் தன் வீட்டுக் கூடத்தில் பாயில் குப்புறப் படுத்து, காதில் ஒரு பென்சிலும் கையில் ஒரு பென்சிலுமாக ஜியாவுல்லா சாக்கடை வரைந்துகொண்டிருக்கிறார்.

"கழிவுத் தண்ணி எங்க போவுதுன்னு மொதல்ல போடணும் சார். அரண்மனை எங்க வேணா வந்து குந்திக்கும்."

ஷூ கம்பெனி ஒன்றில் தோல் வெட்டும் மிஷினில் நிற்பவர். நின்றவர் என்று எழுத வேண்டும். போன மாதம் சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன் அவருடைய விளையாட்டைச் சொல்ல வேண்டும்.

மிஷின் பொருத்த வந்த ஜெர்மன்காரர் ஒருவர் பேச்சுத் துணைக்கு இவரைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்து, ஊருக்குப் போகும்போது பெட்டியோடு கொடுத்துவிட்டும் போனார். ஒருவர் ஒரு கற்பனை நகரத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். மற்றவர்கள் அந்த நகரத்துக்குள் ஆளுக்கொரு வேடம் எடுப்பார்கள்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன். வாசலில் காவலாளி மறிக்கிறான், என்ன செய்கிறாய் என்று நகரத்தைச் சொல்பவர் கேட்பார். லஞ்சம் கொடுக்கிறேன், சுவர் ஏறுகிறேன், அழுகிறேன், எதையும் சொல்லலாம். பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். இதில் ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. நகரத்தில் பிழைத்துக் கிடப்பதுதான் ஆட்டம்.

பெட்டியோடு வந்த நகரம் பனி மூடிய கூரையும் மணிக்கூண்டுமாக இருந்தது. ஜியாவுல்லாவுக்குப் பிடிக்கவில்லை. "அவ்ளோ பெரிய ஊரு. எல்லாரும் பூட்ஸ் போட்டுனு திரியறான். தோல் பதம் போடற எடம் ஒண்ணு இல்ல. பூட்ஸு இன்னா மரத்துல காய்க்குதா?"

அதை மூடி வைத்துவிட்டுத் தானே ஒரு நகரம் கட்டினார். பெயர் ஏழுவாசல். எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறாயோ அதை வைத்துத்தான் உனக்கு எந்தக் கிணற்றில் தண்ணீர் என்பது முடிவாகும். மேட்டில், நகரத்தை ஆளும் பிரபுவின் தோல் பட்டறை. அதன் கழிவு இறங்குவது ஏழாம் வாசல் தெருவில். இந்த நகரத்தை இவர் கனவில் பார்த்து வரைந்தார் என்று பாலாற்றங்கரைக்காரர் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆட்டத்தில் இவர் எல்லாக் குரலிலும் பேசுவார்: வரி வாங்குபவன், சந்தைக்காரி, பிரபுவின் நாய். ஆனால் முன்கோபி. யாராவது அவசரப்பட்டு வாசல்காவலனை வெட்டிவிட்டால் போதும், ஆட்டம் நின்றுவிடும். "அவனுக்கு சம்சாரம் இல்லியா? போ, மொதல்ல அவன் ஊட்டுக்குப் போய் சொல்லிட்டு வா" என்று வெட்டிய வீரனையே சாவு வீட்டுக்கு அனுப்புவார். அங்கே காவலனின் மனைவியாகவும் இவரே அழுவார். அதற்குப் பிறகு யாரும் லேசில் வாளை உருவுவதில்லை.

மனைவி நசீமுன்னிசாவுக்குத் திருடி வேடம். சமையலறை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டே விளையாடுவார். இதுவரை ஒரு பூட்டையும் உடைத்ததில்லை.

"கஜானா பூட்டியிருக்கு. இன்னா பண்ணுவ?"

"பூட்ட எதுக்குத் தொடணும்? பெருக்கற பொம்பள என் தோஸ்த்து. போன வாரமே வெத்தல வாங்கிக் குடுத்துட்டேன்."

"அதெல்லாம் செல்லாது."

"செல்லாதுன்னு உங்க ஜெர்மன்காரன் எழுதி வெச்சிருக்கானா?"

மூன்றாவது ஆட்டக்காரர் மாதனூர்ப் பக்கத்தவர், அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவர். உண்மைப் பெயரை எழுதினால் அடுத்த சஸ்பெண்டு ஓலை அவருக்கு வரும். ஆகவே ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயரையே சொல்கிறேன்: மாரவேல், வாள்வீரன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு ஞாயிறு மாரவேல் எரிச்சலோடு வந்தார். "ஒரே பேஜாரு, பாய். தோல் இன்னும் ஈரம் காயல. கப்பல் போய்டும், பெட்டியில போடுன்னு நிக்கறாங்க. போட்டுட்டோம்." ஊரில் காதில் விழுவதையெல்லாம் நகரத்துக்குள் கொண்டுபோவது ஜியாவுல்லாவின் பழக்கம். அன்றைக்கே ஏழுவாசல் கிடங்கின் அடியில் ஒரு பூதம் வந்து படுத்துக்கொண்டது. அது மூச்சு விட்டால் தோல் எல்லாம் பச்சையாகப் பூசணம் பூக்கும். மாரவேல் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அந்தக் கதைதான்.

சரக்கு ஐரோப்பாவில் இறங்கியது. பெட்டிகளைத் திறந்தார்கள். எல்லாம் பச்சைப் பூசணம்.

பஸ்ஸில் வேடிக்கையாகப் பேசியது பேச்சாகி, பேச்சு சந்தேகமாகி, கடைசியில் குற்றச்சாட்டாக டைப் அடித்து வந்தது: "தொழிற்சாலைச் சரக்குக்குத் தீங்கு விளைவிக்கும் மாந்திரீகச் செயல்." சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து பகடையைக் கைப்பற்றினார். கையால் தொடவில்லை, கைக்குட்டையால் எடுத்தார். பேக்கிங் அறையில் எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார்கள்.

இது நடந்தது 1986இல். தோலின் கனத்தை மயிரிழை பிசகாமல் அளக்கும் மிஷின் நிற்கிற கட்டடத்தில். ஈரத்தையும் புழுக்கத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினால் பூசணம் வரும் என்பது ஊறுகாய் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டம் பெற்ற மேனேஜருக்குத் தெரியாதா? தெரியும். அவர் பூதத்தை நம்பவில்லை. நம்புகிறவனாக இருந்தால் உட்கார வைத்துப் பேசிப் பார்க்கலாம். நம்பாமலே பூதத்தைக் கூலிக்கு அமர்த்தி, தன் அவசரத்தின் பழியை அதன் தலையிலும், அதன் வழியாக ஒரு தொழிலாளியின் தலையிலும் இறக்குகிறவனை என்னவென்று சொல்வது? மூடநம்பிக்கை படிக்காதவர்களின் நோய் என்கிறார்கள். படித்தவர்கள் அதைத் தோலைவிட நன்றாகப் பதப்படுத்தி விற்கிறார்கள்.

"பூதம் நான் போட்டது சார், ஒத்துக்கறேன்" என்கிறார் ஜியாவுல்லா. "ஈரம் கம்பெனி போட்டது. அத யாரு ஒத்துக்கறது?"

தை முடிவதற்குள் விசாரணை. தோல் ஈரமாக இருந்தது என்று பேக்கிங்கிலிருந்து ஒருவராவது சொல்லாவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் இந்தப் பக்கம் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது. 'சூனியக்காரன்' என்ற பெயர் அவருக்கு முன்னால் அங்கே போய் நிற்கும். மாரவேல் இப்போது வருவதில்லை. எதிரில் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறாராம்.

"வரலைன்னா ஆட்டத்துல அவர் ஆள சாவடிச்சுட வேண்டியதுதானே" என்று நசீமுன்னிசா பூண்டுத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்.

கடைசி ஆட்டத்தில் மாரவேலின் வீரன் நின்ற இடம் மூன்றாம் வாசலுக்கு வெளியே. அவனுக்கு அடையாளமாக வைத்த சட்டைப் பொத்தான் இன்னும் அங்கேயே இருந்தது. படத்தில் அந்த வாசல் கதவு மூடியபடி வரைந்திருந்தது. ஜியாவுல்லா ரப்பரை எடுத்து, பொத்தான் நகர்ந்துவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, கதவை அழித்தார்.

மாதனூர்ப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகும் வாசகர்களே, இதைப் படித்து முடித்ததும் இதழை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். இந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து, சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.