முட்டை லொறி வாயை மூடியபோது

என் தங்கை றஹ்மாவின் புருஷன் ஹிஸ்புல்லா, கிண்ணியாவில் லொறியில் முட்டையும் மரக்கறியும் விற்கிறவர். லொறிக்கு மேலே ஓர் ஒலிபெருக்கி. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து நான் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சரிந்தால் போதும், "முட்டே... நாட்டு முட்டே..." என்று ஜன்னலுக்குள் வந்துவிடும் அந்தக் குரல். முட்டையோடு நிறுத்துகிற மனிதரா அவர்? பாலம் திறக்க வந்த மந்திரி ரிப்பன் வெட்டத் தன்னிடம்தான் கத்தரிக்கோல் வாங்கினார் என்பார். தன் தோணிக்குத் திமிங்கிலம் வழிவிட்டது என்பார். அவரிடம் தோணியே கிடையாது! மழை வருகிறது என்று அவர் மைக்கில் சொன்னால், காயப்போட்ட உடுப்பைக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள்.

அது அவருக்கு உள்ளூரச் சுட்டது. "மச்சான், ஒரு தரமாவது ஆக்கள் என்னை நம்பி ஒரு காரியம் தரவேணும்," என்று ஒருநாள் என்னிடம் கண் கலங்கினார். எரிச்சலை எல்லாம் மீறி எனக்குப் பாவமாகிவிட்டது.

நம்பித் தந்தவர் பிரகலாதன். திருகோணமலை டவுன்காரர், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற ஏஜென்ட். அப்போது நட்புப் பயணமாக ஒரு வெளிநாட்டு நீர்மூழ்கி வந்து நின்றது. வந்தது பத்திரிகையில் படத்தோடு வந்தது. போவதுதான் ரகசியம்.

"நானா, இது மற்றக் கப்பல் மாதிரி இல்ல," என்றார் பிரகலாதன், எங்கள் ஊர் முறையில் அவரை அண்ணனாக்கி. "துறைமுக வாயைக் கடந்தா நல்ல ஆழம். தாங்கியளில கடல்தண்ணிய நிரப்பிக்கொண்டு கீழ போயிடும். பிறகு எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு பற்றறியிலதான் ஓட்டம். உள்ளுக்கு ஒருத்தன் கரண்டியப் போட்டாலும் எதிரிக் கப்பல் கேட்டிடும். சத்தம் போடாததுதான் அதின்ர பலம். இடமும் இல்ல, ஒரே கட்டில்ல ஆக்கள் மாறி மாறிப் படுக்கினம். அதால முட்டையைக் கடைசியாத்தான் ஏத்துவினம். முட்டை ஏறுற நாள் வெளிய தெரிஞ்சா, போற நாளும் தெரிஞ்ச மாதிரி. வாயே திறக்கப்படாது. சரியாச் செய்தீங்கள் எண்டா, இனி வாற கப்பல் எல்லாத்துக்கும் நீங்கள்தான்."

ஹிஸ்புல்லா அல்லாஹ்மேல் ஆணையிட்டார். ஆணையைக் காப்பாற்றவும் செய்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

லொறி ஊமையாக ஊருக்குள் வந்தது. பண்ணை பண்ணையாக முட்டை வாங்கினார். விலை கேட்டதோடு சரி, ஒரு கதை இல்லை. தேத்தண்ணிக் கடையில், "மந்திரி கத்தரிக்கோலைத் திருப்பித் தந்திட்டாரா?" என்று சீண்டிப் பார்த்தார்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். றஹ்மா பயந்துபோய், பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து அவர் முகத்தில் தெளித்தாள்.

"அல்லாஹ்வே, இந்த மனிசனுக்கு என்ன நடந்திட்டு? ஒரு பொய்யாவது சொல்லுங்களன்!" என்று அழுதாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

மறுநாள் பின்னேரம் கடைக்கார இஹ்ஸான் போட்டு உடைத்தான். "ஊர் முட்டை முழுக்க அவர்ட்ட. லொறியில கட்டியும் வெச்சிட்டார். விக்கிறாருமில்ல, கதைக்கிறாருமில்ல. ஹார்பரில என்ன நிக்கிது? வெளிக்கிடுற கப்பலுக்குத்தானே கடைசியா முட்டை ஏத்துற? நாளைக்கு விடிய அது போகுது!"

ஹிஸ்புல்லாவின் வாயை மூடவைக்க உலகத்தில் வேறு எதனால் முடியும்? ஒருவரும் சந்தேகப்படவில்லை. இரவுத் தொழுகைக்கு முன்னமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

விடியும்போது கடற்கரையில் பெருநாள் கூட்டம். கச்சான் கடலை வியாபாரிகூட வந்துவிட்டார். தோணிக்காரர்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு துறைமுக வாய்வரை போய், கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். நீர்மூழ்கி அசையவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டு, முட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிரகலாதன் மோட்டார் சைக்கிளில் புகைந்துகொண்டு வந்தார். ஹிஸ்புல்லா முட்டைத் தட்டுகளுக்கு நடுவே குந்திக்கொண்டிருந்தார்.

"அல்லாஹ் அறிய, தம்பி, நான் ஒரு சொல்லுகூடச் சொல்லல்ல!" என்று சின்னப்பிள்ளைபோல அழுதார்.

பிரகலாதன் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் முகத்திலிருந்து கோபம் வடிந்துவிட்டிருந்தது.

"அதுதான், நானா, பிழை. வழமை மாதிரி மைக்கைப் போட்டு, 'நாளைக்கு நீர்மூழ்கி போகுது' எண்டு தெருத்தெருவாக் கத்தியிருந்தீங்கள் எண்டா, ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டினம்."