செம்பியின் நெஞ்சுப்படம்

எக்ஸ்றேக்கார மயில்வாகனம் பதினெட்டு வருசமாக வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்த மனிதர். ஆசுபத்திரி இருட்டறையில் படத்தைக் கழுவி எடுத்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் வாசலில் காத்து நிற்கிறவர்களிடம் ஒரே பேச்சுத்தான்: "டொக்டர் சொல்லுவார்." அது சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு, மாசி மாதம். ஒரு ஞாயிறு மத்தியானம் பூவரசங்குளத்து அன்னபாக்கியம் தன் நாயை மாட்டுவண்டிலில் கொண்டுவந்து இறக்கினாள். பெயர் செம்பி. முன்னங்கால் வீங்கி, நிலத்தில் ஊன்ற முடியாமல் நின்றது. அன்னபாக்கியத்தின் புருசன் கனகலிங்கம் செத்து இரண்டு வருசம். அவனையும் இதே மேசையில் கிடத்திப் படம் எடுத்தவர் மயில்வாகனம்தான். இப்போது காட்டோரக் காணியில், பன்றிக்கும் யானைக்கும் நடுவே, அவளுக்கிருந்த ஒரே துணை இந்த நாய்.

மிருக வைத்தியர் எழுதிய துண்டை நீட்டினாள். 'காலில் புற்றுநோய் போலத் தெரிகிறது. நெஞ்சுக்குப் பரவாவிட்டால் காலை எடுத்து உயிரைக் காப்பாற்றலாம். படம் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. நீங்களே பார்த்து அவவுக்குச் சொல்லிவிடுங்கோ.'

மயில்வாகனத்துக்கு அந்தக் கடைசி வரிதான் பிடிக்கவில்லை.

கால்படத்தில் சந்தேகமே இல்லை, எலும்பு கறையான் அரித்த மரம் மாதிரிக் கிடந்தது. நெஞ்சுப்படத்தில் உருண்டையாக இரண்டு வெள்ளைப் பொட்டுகள். அவருக்கு ஒரு நப்பாசை. குட்டி போட்ட நாய் அல்லவா, முலைக்காம்பின் நிழலும் இப்படித்தான் விழும். காம்புகளின் மேல் ஈயக்கம்பித் துண்டுகளை ஒட்டி இன்னொரு படம் எடுத்தார்; காம்பின் நிழல்தான் என்றால் கம்பி பொட்டின் மேலேயே விழ வேண்டும். அன்னபாக்கியம் செம்பியின் தலையை அமத்திப் பிடித்திருந்தாள்.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கம்பிகள் ஒரு பக்கம் கிடந்தன. பாழாய்ப்போன பொட்டுகள் அவற்றை விட்டு விலகி, நுரையீரலுக்குள்ளேயே நின்றன.

"டொக்டர்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நாய்க்கு எந்த டொக்டர்?

"நெஞ்சுக்கும் போயிட்டுது பிள்ளை. காலை வெட்டிப் பிரயோசனமில்லை. மிஞ்சினா ரெண்டு மாசம்."

"எனக்கும் காட்டுங்கோ ஐயா."

காட்டினார். அவள் பொட்டுகளைக் கனநேரம் பார்த்தாள்.

"என்ர மனுசன்ர படத்திலயும் இப்பிடிக் கிடந்ததோ?"

"ஓம்."

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"டொக்டர் சொல்லுவார் எண்டனீங்கள். அவர் ஒண்டும் சொல்லேல்லை, இருமல் மருந்துதான் தந்தவர். நானும் பெரிசா ஒண்டுமில்லை எண்டு நினைச்சன். மனுசன் களைக்குது எண்டு வரம்பில குந்தினா, வேலைக்குக் கள்ளம் எண்டு ஏசுவன். சாகிறதுக்கு முதல்நாளும் ஏசினனான்."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நாலு வார்த்தை ஏசிவிட்டாவது போனால் நல்லது என்று மயில்வாகனத்துக்கு இருந்தது. அன்னபாக்கியம் குனிந்து ஈயக்கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இவளையாவது ஏசாமல் வைச்சுப் பாக்கிறன்," என்று செம்பியைத் தூக்கிக்கொண்டு வண்டிலுக்குப் போனாள்.