எட்டாம் மாதத்துப் பிள்ளை பால் குடித்தது

அம்மன் அடியவர்களே, என் பிள்ளைக்குப் பால் உறிஞ்சத் தெரியவில்லை. பசிக்கு அழவும் தெரியவில்லை. கடையில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற அந்த வருடங்களில், ஒரு மார்கழியில், எட்டாம் மாதத்திலேயே எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. பெண் பிள்ளை மறுநாளே போய்விட்டது. அவளை நான் தூக்கவே இல்லை. வாடைக் காற்றுக்குக் கடல் கொந்தளித்ததால் மீன்பிடித் தொழிலுக்குப் போகாமல் நின்ற என் கணவர்தான் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்.

ஆண் பிள்ளை ஆசுபத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மூக்கில் குழாய். ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. பார்க்க வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, அதை என் முகத்துக்கு நேரே சொன்னார்.

"எட்டாம் மாதத்துப் பிள்ளையடி. ஆசை வைக்காதை."

அவருடன் கதைப்பதை அன்றே நிறுத்தினேன்.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஆனால் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அம்மனிடம்கூட இது தா, அது தா என்று கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் ஒன்றை எடுத்துவிட்டாள். பிறகு கும்பிட எனக்குக் கை எழும்பவில்லை.

பெட்டியை விட்டு வெளியே எடுத்த பின்பும் பிள்ளை முலையைப் பிடிக்கவில்லை. எல்லோரும் செய்வதுபோல அவனை எழுப்ப உள்ளங்காலைச் சுண்டினேன், காதை இழுத்தேன். இரண்டு தரம் உறிஞ்சுவான். உதடு நீலம் பாரிக்கும். துவண்டுவிடுவான். எந்நாளும் குழாயில் வளர்க்க ஏலாது என்று டொக்டர் சொன்னார். வாயால் குடிக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று எனக்கு விளங்கிவிட்டது.

பிள்ளை பெற்ற தொடக்கு, தீட்டு இருந்ததால் கோயிலுக்குப் போக முடியாது. ஆசுபத்திரி வாட்டின் பின்சுவரில் தலையை வைத்துக் கேட்டேன்.

"அம்மாளாச்சி, இவன்ரை வாயிலை பால் இறங்க வை. வீடு வீடாப் போய் உனக்கு மடிப்பிச்சை எடுத்து வாறன். மச்சாள் வாசலிலையும் மடி ஏந்துவன்."

கழுத்துத் தாலிக்கொடியை நேர்ந்திருந்தால் அதைவிட எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஒரு மிஸ்ஸி வந்தார். மருந்து கொடுக்கிற நர்ஸ் மிஸ்ஸி அல்ல. கை கால் வழங்காதவர்களுக்குச் சோறு உண்ணவும் உடுக்கவும் பழக்குகிறவர். மாதம் முற்றாத பிள்ளைகளையும் தாய்மாரையும் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். நான் காதை இழுப்பதைக் கண்டு என் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ அம்மா. பிள்ளை பஞ்சியிலை, சோம்பலிலை படுக்கேல்லை. களைச்சுப் போறான்."

வெளிச்சம் குறைய யன்னலைச் சாத்தினார். வயிற்றுக்குள் கிடந்ததுபோல் பிள்ளையைச் சுருட்டி, இரண்டு கையையும் வாயருகே சேர்த்து, என் நெஞ்சோடு வைத்தார். அவனுடைய நாடிக்குக் கீழே, தாடையைத் தாங்க, என் விரலை வைத்தார். அவன் உறிஞ்சும்போது நான் அசையக் கூடாது; அவன் நிறுத்தினால் மூச்சு எடுக்க விட வேண்டும் என்றார். என் கணவரையும் கூப்பிட்டுப் பிள்ளையைப் பிடிக்கப் பழக்கினார். வலை பின்னுகிற கையால் அவர் பிள்ளையின் தலையைத் தாங்கினார்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளை செத்தது. ஒரு பின்னேரம் இவன் உறிஞ்சினான், நிறுத்தினான், மூச்செடுத்தான், திரும்பவும் உறிஞ்சினான். தொண்டையில் பால் இறங்கும் சத்தம் கேட்டது.

"இறங்குது," என்றார் என் கணவர்.

தொடக்குக் கழிந்ததும் மடிப்பிச்சைக்கு இறங்கினேன். மச்சாள் வாசலில் சேலைத் தலைப்பை ஏந்தி நின்றபோது என் நாக்கு எழவில்லை. அவர் சுளகில் அரிசியோடு வந்தார்.

"கேளன். வாய் திறந்து கேட்டால்தான் போடுவன்."

"அம்மாளாச்சிக்குப் பிச்சை போடுங்கோ மச்சாள்."

சுளகு முழுவதையும் என் மடியில் கவிழ்த்துவிட்டு அவர் அழுதார்.

பிள்ளையின் இடக்கை முழுதாக விரியவில்லை. மிஸ்ஸி காட்டியபடி இளஞ்சூட்டு நீரில் நனைத்து, புறங்கையைத் தடவித் தடவி, வருடக்கணக்காக நானும் கணவருமாக அந்த விரல்களை விரித்தோம். பள்ளிக்கூடம் போகிற வயதில் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டினான்.

இரண்டு கேட்டேன், ஒன்று தந்தாள். மற்றதை ஏன் எடுத்தாள் என்று இன்றும் அவளிடம் கேட்கிறேன். கேட்கப் பழகிவிட்டேன். நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டபின் அவள் யாரை அனுப்புகிறாள் என்று பார்த்திருங்கள். வருகிறவர் சொல்கிறபடி பிள்ளையை நெஞ்சோடு பிடியுங்கள்.