மணவறையில் வந்த கோபம்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்த காலம். நாமக்கல்லுக்குப் பக்கத்து ஊரில் எனக்குக் கல்யாணம். எங்கள் சனத்தில் கல்யாணச் சடங்குகளை நடத்துபவர் அருமைக்காரர். பெண் வீட்டார் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் அவர் படியிறங்க மாட்டார்.

மணப்பெண்ணாக நான் மணவறையில் உட்கார்ந்தாயிற்று. முகூர்த்தம் நெருங்கியும் அருமைக்காரரைக் காணோம்.

"அண்ணன் கூப்பிட்டிருப்பாருன்னு இருந்துட்டேனுங்க" என்றார் அப்பா.

"சின்னவன் போயிருப்பான்னுதான் நெனச்சேன்" என்றார் பெரியப்பா.

"எங்கிட்ட ஆருங்க சொன்னீங்க?" என்று எகிறினார் சித்தப்பா.

மூவரும் சண்டையில் இறங்கினார்களே தவிர, அழைக்க ஒருவரும் நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

குனிந்திருந்த தலையை நிமிர்த்தினேன். "சித்தப்பா, நீங்க வெத்தலைத் தட்டத்தை எடுத்துட்டு ஓடுங்க! பெரியப்பா, நீங்க மாப்பிள்ளை ஊட்டாரை உக்கார வைங்க! அப்பா, நீங்க சும்மா இருங்க!"

பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் மூவரும் சொன்னபடி செய்தார்கள்.

அருமைக்காரர் அடுத்த தெருவில்தான் இருந்தார். விடியுமுன்னே குளித்து, தலைப்பாகை கட்டி, எங்கள் வீட்டு மேளத்தைக் கேட்டபடி காத்திருந்தாராம். அழைத்ததும் வந்து, முகூர்த்தத்துக்குள் சடங்கை நடத்தி முடித்தார்.

நிர்வாகம் என்றால் பெரிய உத்தியோகஸ்தர்களின் சமாச்சாரம் என்கிறார்கள். எந்த வேலை யாருடையது என்று முன்கூட்டியே பெயர் சொல்லி ஒப்படைப்பதுதானே அது? அது தெரியாமல் ஒரு கல்யாணம்கூட நடக்காது.

அன்று எனக்கு வாயாடி என்று பெயர் வந்தது, இன்னும் போகவில்லை. அழைக்காமல் விட்ட மூவருக்கும் ஊரில் இன்றுவரை ஒரு பெயரும் வரவில்லை.