வெயிலில் வரும் தண்ணீர்

டவர் பாறையில் அன்று இருந்தது நான், என் பெண்டாட்டி, மருமகள், பெண்டாட்டியின் தம்பி. போன் அவன் கையில். புதூர்நாட்டுக்கு மேலே எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறையில் மட்டும்தான்.

மகனுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலை. வடக்கே, புந்தேல்கண்டில். மழை பிடித்துவிட்டால் லாரி ஊர் திரும்பும். பேத்வா ஆற்றைத் தாண்டி வருவதாகக் காலையில் சொன்னான். லாரியில் அவனோடு ஏழு பேர். அப்புறம் போன் இல்லை. மத்தியானம் டீக்கடை டிவியில் அந்த ஆற்றைக் காட்டினார்கள். தரைப்பாலம் தெரியவில்லை.

அந்தச் சீமை எனக்குத் தெரியும். நானும் போர் லாரியில் போனவன்தான்.

அது பாறை தேசம். மேலே கொஞ்சம் செம்மண், கீழே கருங்கல். துளை போடுகிற பிட்டு தேயும், தண்ணீர் வராது. அந்தக் காலத்து ராஜாக்கள் அதனால்தான் குன்றுக்குக் குன்று கரை கட்டி ஏரி வைத்தார்கள். பல ஊர்கள் இன்னும் அந்தத் தண்ணீரில்தான் பிழைக்கின்றன. ராஜாக்கள் போய் இப்போது ரெண்டு மாநிலம். ரோடு இதற்குள்ளும் அதற்குள்ளும் மாறி மாறிப் போகும். செக்போஸ்ட்டில் நின்றே பொழுது போய்விடும். ஜனங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. எந்த ஊர் என்றால் புந்தேல்கண்ட் என்பார்கள். எங்களையும் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் மலை என்றுதான் சொல்கிறோம்.

அங்கே ஆறு வடக்கே ஓடும். தெற்கே மாளவத்து மேட்டில் மழை பெய்யும். தண்ணீர் பிறகு வரும், நல்ல வெயிலில் வரும்.

எங்கள் மலையில் கண்ணெதிரே மழை, கண்ணெதிரே வெள்ளம். கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வடிந்துவிடும். வானம் வெளுத்தால் இறங்குவோம். வானத்தைப் பார்த்துத்தான் ஆற்றில் கால் வைப்போம்.

அந்தப் பழக்கத்தில் நான் ஒரு தடவை பேத்வா மணலில் அடுப்பு மூட்டினேன். மாடு மேய்க்கிறவள் ஒருத்தி கரையிலிருந்து கத்தினாள். நான் வானத்தைக் காட்டினேன். அவள் தெற்கே கை காட்டினாள். அவள் மாடுகள் ஏற்கெனவே மேடேறிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் ஓடினோம். சோற்றுப் பானை நின்றபடியே மிதந்து போனது.

மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் பழக்கமும் ஒன்றா?

"டவர் இல்லாத எடமா இருக்கும் மாமா," என்றான் மச்சான். "அவன் உன்ன மாதிரி இல்ல. சோறாக்கவே தெரியாது. ஆத்துல எங்க அடுப்பு வெக்கப் போறான்?"

"வாய மூடிக்கினு போனப் பாரு," என்றாள் பெண்டாட்டி.

மருமகள் என்னைப் பார்த்தாள். "அங்க இப்ப மழையா மாமா, வெயிலா?"

மத்தியானம் டிவியில் ஆற்றின் மேல் நல்ல வெயில் அடித்தது. "தெரிலம்மா," என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர். மச்சான் ஸ்பீக்கரில் போட்டான்.

"நைனா. லாரி ஆத்தோட பூட்ச்சு."

"லாரி கெடக்குது. நீ எங்க கீற?"

"மேட்டுல. வேற ஆளு போன்ல பேசறேன். மணல்ல நிறுத்திட்டு படுத்துக்கினு இருந்தோம் நைனா. வானம் சுத்தமா இருந்துச்சு."

மருமகள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மத்தவங்க?"

தண்ணீர் இரைச்சல் மட்டும் கேட்டது.

"டேய், எல்லாரும் ஏறிட்டாங்களா? எண்ணிச் சொல்லு."

எண்ணினான். ஆறில் நின்றான். யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். பெண்டாட்டி என் கையைப் பிடித்தாள். எங்கேயோ கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

ஏழு.