ஆவி பறந்த தட்டு

கடந்த மே மாதம், ஒன்றரை வயது மகளோடு வியட்நாமில் ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். உணவகத்தில் சோறு வந்ததுமே, கடைக்கார அம்மா கேட்காமலே மகளைத் தூக்கிக்கொண்டு அலை காட்ட வாசலுக்குப் போய்விட்டார். பதறி எழுந்தேன். அவர் என் தட்டைக் காட்டி, சாப்பிடு என்று சைகை செய்தார். உட்கார்ந்து, ஆவி பறக்கும் சோற்றில் கை வைத்தேன்.

கணவருக்குக் கோபம். "ஏ அம்மணி, முன்னப்பின்ன தெரியாதவிய கையில புள்ளைய உட்டுப்போட்டுச் சாப்பிடறயா?" என்றார், வாய் நிறைய மீனோடு.

"ஏனுங்க, நீங்க தூக்கியிருந்தா அவிய எதுக்குங்க தூக்கோணும்?"

எங்கள் ஊர் துடியலூரில் வீடு நிறைய ஆட்கள் இருந்தும், மகள் பிறந்ததிலிருந்து நான் ஆறிப்போன சோறுதான் தின்றிருக்கிறேன். அதை அந்நியர் ஒருவர் அல்லவா கவனித்தார்!

இப்போதெல்லாம் வீட்டில் சோறு போட்டதும், மகளை முதலில் கணவர் மடியில் வைத்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன்.